சின்ன ர

பர்கூர் எடைமேடையில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
லாரி ஏறும். சிவப்பு எண்கள் துடித்துத் துடித்து நிற்கும்.
ஒவ்வொரு கல்லின் விலாவிலும் வெள்ளைப் பெயின்ட்:
குவாரியின் முதலெழுத்து, வரிசை எண்,
நீளம் அகலம் உயரம்.
பர்மிட் இல்லாத கல்
ஜெகதேவி சாலையைக்கூடத் தாண்டாது.

அப்படியொரு இரவில்தான்
எடை ரசீதின் முதுகில் அண்ணனை எழுதினேன்.
பதினான்கு வரி.
விடிகாலை, கண் சொருகச் சொருக,
செல்போனில் தட்டி அனுப்பினேன்.
அடியில் பெயர் போட்டாயா என்று கேட்பீர்கள்.
போட்டேன். பா. நாகவேணி.
முதல் கைக்குப் போனபோது இருந்தது.
நாலாவது கையில் புள்ளியோடு ஒரு பா மட்டும்.
எட்டாவது கைக்குப் பிறகு
'படித்ததில் பிடித்தது' என்ற பெரிய ஊரில்
என் அண்ணன் குடியேறிவிட்டான்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்
மத்தூர் பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர்.
மெழுகுவத்தி, புறா, உதிரும் ரோஜா இதழ்,
நடுவில் மீசை வைத்த யாரோ.
டிராக்டர் ஏஜென்டாம்.
அவர் மார்புக்குக் கீழே

    கடைசி பஸ்ஸை விட்டு நீ இரங்கி வருவாய்
    கையில் பக்கோடா, காலில் ஒற்றைச் செருப்பு
    மற்றது எங்கே என்றால்
    பஸ் தின்றுவிட்டது என்பாய்

அதற்கும் கீழே தங்க நிறத்தில்:
கவிஞர் மத்தூர் எழில்வேந்தன்.

"நல்ல மனுசன், ஒரு சொட்டு குடிச்சதில்ல,
புல்லட்டை விட்டா பஸ்ஸே ஏறமாட்டாரு"
என்றாள் பூக்காரம்மா,
என் அண்ணனின் செருப்பைப் பார்த்தபடி.

எனக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது.
அந்த 'இரங்கி'.
பெரிய ற போட வேண்டிய இடம்.
தூக்கத்தில் என் கட்டைவிரல்
சின்ன ர-வைத் தட்டியிருக்கிறது.
தொழுவத்தில் மாட்டை அவிழ்த்தவன்
கழுத்து மணியைக் கழற்ற மறந்து
ஊர் நடுவே ஓட்டிப் போயிருக்கிறான்.

பேனர் கடைப் பையன் திம்மராஜ்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்:
"நெட்ல வர்றதுக்கு யாருக்கா ஓனர்?"
ஆனாலும் நம்பர் கொடுத்தான்.

எழில்வேந்தனுக்கு மெத்தென்ற குரல்.
"துக்கம் எல்லாருக்கும் பொதுதானே சகோதரி."
"பொதுதான் சார். அந்தச் செருப்பு பொது இல்லை."
"உங்களுதுன்னு என்ன அத்தாட்சி?"
வாய் சும்மா இருந்திருக்கலாம்.
சொல்லிவிட்டேன், சின்ன ர-வை.
அந்தப் பக்கம் ஒரு லாரி கடக்கும் நேரம் மௌனம்.
பிறகு, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

மூன்றாம் நாள்
ஓசூரிலிருந்து சித்தி மகள் அனுப்புகிறாள்:
'நம்ம அண்ணன் மாதிரியே இருக்குல்ல?
கம்பெனி பஸ்ஸில் வச்சு அழுதுட்டேன்.'
அதே வரிகள். அதே தங்கப் பெயர்.
இறங்கி.
கொம்பு சீவினாற்போல ஒரு பெரிய ற.

ரசீதைத் தேடி எடுத்தேன்.
முதுகில் என் கையெழுத்து நீலம் மாறாமல் நிற்கிறது.
முன்பக்கம்
தேதி, வண்டி எண், இருபத்தெட்டு டன்
எல்லாம் சூட்டில் வெளுத்து வெறும் தாள்.
என் கையெழுத்தில் பார்த்தால் அங்கே பிழையே இல்லை,
பேனா பிடித்தால் எனக்கு எழுத்து தவறாது.
இதை யாரிடம் காட்டி என்ன சொல்ல?

இப்போது அவன் சுத்தமாக இறங்குகிறான்
ஊர்ப்பட்ட செல்போன்களில், ராத்திரி பகல்.
யாரும் இரங்கவில்லை என்றும் சொல்ல முடியாது,
சித்தி மகள் அழுதிருக்கிறாளே.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
சொன்னால், அழுத அழுகையில்
பாதியைத் திருப்பிக் கேட்டதுபோல் ஆகும்.

மணி மூன்று. அடுத்த வண்டி ஏறுகிறது.
பக்கத்து யார்டில் பெயின்ட் டப்பாவைத் திறந்து
யாரோ கல்லுக்கு எண் போடுகிறார்கள்.
நான் புதிதாக ஒன்று எழுதி முடித்தேன்.
காலையில் அனுப்புவேன், அனுப்பாமல் இருக்க முடியாது.
பிழையை எந்த வரியில் வைத்திருக்கிறேன் என்று
இந்த முறை
கேட்டாலும் சொல்லமாட்டேன்.